செல்லாக்காசு

மோர்கம் கடற்கரையிலிருந்து வந்த பெட்டி.
ஓக் மரம், முன்னால் கண்ணாடி,
உள்ளே நத்தையோடு போலச் சுருண்ட பித்தளைப் பாதை.
ஒரு பென்னி போட்டால் ஒரு குண்டு.
விசையைச் சுண்டினால் குண்டு ஏறிச் சுழன்று
ஏழு கிண்ணங்களில் ஒன்றில் விழும்
அல்லது எதிலும் விழாது.
விழுந்தால் போட்ட காசு திரும்பும்.
ஏழாவதில் விழுந்தால் நாலு.

உலகத்தில் மூன்றுதான் மிச்சம் என்கிறார்
இதன் சொந்தக்காரர் லயோனல் பிக்கர்ஸ்கில்.
ஒன்று ஆண்ட்வெர்ப்பில் யாருடைய படுக்கையறையிலோ.
ஒன்று தீயில் பாதி போனது.
செய்ததே கொஞ்சம், அதனால் அபூர்வம் என்பார்.
பின்பலகையில் சூட்டுக்கோலால் பொறித்த எண்
இருநூற்றுப் பதினான்கு.

மழை நாட்களில் இறால் உரிக்கும் பெண்கள் வருவார்களாம்.
ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே
நகம் எவ்வளவு போகலாம் என்று தெரிந்த விரல்கள்.
ஜெயித்தார்கள்.
மறுநாளும் வந்து ஜெயித்தார்கள்.
ஒரே குளிர்காலத்தில் கடைக்காரர்கள்
பெட்டிகளைப் பிளந்து அடுப்பில் வைத்தார்கள்.
தோற்கத் தெரிந்த இயந்திரத்தை யார் வைத்துக்கொள்வார்கள்?

இது மட்டும் எப்படித் தப்பியது?
நேற்று ராத்திரி முதுகைத் திறந்தேன்.
ஏழாவது கிண்ணத்தின் வாயில்
நாலாய் மடித்த சிகரெட் அட்டை,
செருப்பாணி அடித்து.
குண்டு வரும், முட்டும், திரும்பிப் போகும்.
வெளியிலிருந்து பார்த்தால் கைராசி இல்லாதது மாதிரி இருக்கும்.

லயோனலுக்குப் போன் போட்டேன்.
"தொடாதே மெரியல். அது அசல்.
அந்த அட்டைக்கே ஆயிரம் பவுண்டு தருவான்."

அசல்.

இடுக்கியால் ஆணியைப் பிடுங்கினேன்.
அட்டையைத் தேநீர்த் தட்டில் வைத்தேன்.
என் டப்பாவில்
எழுபத்தொன்றில் செல்லாமல் போன பென்னிகள்,
மூக்குத் தேய்ந்த ராஜாக்கள்.
பத்து ராஜாக்கள் உள்ளே போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை.
என் விரல் இறால் உரித்த விரல் இல்லை.
பதினோராவது,
பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

கிணிங். கிணிங். கிணிங்.
மூன்று.
நாலாவது வரவில்லை.
தட்டினேன், சாய்த்தேன்,
கம்பி விட்டுத் துழாவினேன்.
எங்கோ மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதே அட்டை, அதே ஆணி, அதே துளை.
பில்லில் எழுதினேன்:
தூசி தட்டியது, ஸ்பிரிங்குக்கு எண்ணெய், நாற்பது பவுண்டு.

காலையில் வேன் வருகிறது.
லான்காஸ்டர் தாண்டி ஏதாவது ஒரு திருப்பத்தில்
உள்ளே ஒரு காசு உருளும்.
என்ன சத்தம் என்று கேட்பார்.
எனக்கு வரவேண்டியது என்று
சொல்ல மாட்டேன்.