மூன்று முறை அழைத்தும்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வெளியே
ஏழரை மணியிலிருந்து இருக்கிறேன்.
பச்சைச் சட்டைக்காரர் கதவைத் திறப்பார்,
தாளுக்குள் குனிந்தபடியே ஏதோ சொல்வார்.
உதடு தெரியாது.
யாராவது எழுந்தால் அது அவர்கள் பெயர்.
யாரும் எழாவிட்டால்
என்னுடையதோ என்று பாதி எழுவேன்,
உட்காரச் சொல்லிக் கை அசைப்பார்.

பன்னிரண்டரைக்கு பெஞ்சு காலி.
மேலப்பாளையத்தில்
ஈரத்துணியில் சுற்றி வைத்த பீடி இலை
இந்நேரம் காய்ந்திருக்கும்.
அறுநூறு பீடி போச்சு.

தாளை வாங்கிப் பார்த்தேன்.
செய்யது மீராள், வயது முப்பத்தொன்று,
அதற்கு நேரே சிவப்பு மையில்
'மூன்று முறை அழைத்தும் வரவில்லை.'

இதற்கு மேல் என்ன சோதனை?
தலையில் மாட்டும் கருவி,
சத்தம் கேட்டால் அமுக்கும் பொத்தான்,
நூற்றுக்கு எத்தனை என்கிற கணக்கு
எதற்கு?
இந்த வரிமேலேயே
முத்திரையைக் குத்தித் தாருங்கள்.
மாதப் பணத்துக்கு
இதையே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்

என்று அந்தத் தாளின் பின்புறம் எழுதி நீட்டினேன்.
படித்தார்.
சுவர்க் காலண்டரில்
அடுத்த புதனைத் தொட்டுக் காட்டினார்.
இப்போது மட்டும்
என் முகத்துக்கு நேரே நின்று,
நிறுத்தி நிறுத்தி,
வாயை நன்றாகத் திறந்து.