பீச்சாங்கை வலை

ஆரம்பாக்கம், பயணியர் விடுதி, சமாதானக் கூட்டம்.
மின்விசிறிக்குப் பறக்காதபடி
நாலு மூலையிலும் தேநீர்க் குவளை வைத்துக்
கெஜபதி விரித்தார்:
டச்சுக்காரன் செப்புத்தகட்டில் கீறிய படம்.
ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து மருமகன் அனுப்ப,
சூளூர்பேட்டையில் ஃபிளெக்ஸில் அடித்தது.

கடலிலிருந்து பார்த்த கரை.
நடுவில் கோட்டை, கொடி.
மூன்று கப்பல். பீரங்கிப் புகை
காலிஃபிளவர் காலிஃபிளவராய்.
பனையைக் கேள்விப்பட்டு மட்டும் வரைந்திருக்கிறான்,
துடைப்பத்தை நட்டு வைத்த மாதிரி.
கோட்டைக்கு முன்னால் ஒரு திமிங்கிலம்,
பன்றிக் காதோடு.
இடுப்பளவுத் தண்ணீர் அது,
நண்டு தடவுகிற இடம்.

"இடப்பக்கம் தெற்கு சார். பாருங்க,
எங்க குடிசை, எங்க தோணி, எங்காளு வலை வீசுறான்.
வடக்கே என்ன இருக்கு? மணல்.
முந்நூத்தம்பது வருசமா இது எங்க பாடு."

போலய்யா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வெகுநேரம் குனிந்திருந்தார்.
"அந்தரூ எடமசேதிவாள்ளேனா?"

எல்லாரும் பீச்சாங்கையா என்கிறார், என்றேன்.
நில அளவைக்காரி நான்;
எல்லையில் வேலை, இரண்டு மொழிக்கும் ஒரே சம்பளம்.

வலைக்காரன் இடக்கை.
சிப்பாய் வாளை உருவுவது இடக்கை.
கரையில் கணக்கன்கூட
இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தான்.

தகட்டில் வெட்டியது தாளில் மாறி விழும்.
ரப்பர் முத்திரை பிடித்த யாருக்கும் தெரியும்.
கீழே ஊர்ப்பெயரை மட்டும்
ஜாக்கிரதையாய்த் திருப்பி வெட்டியிருக்கிறான்
இங்கே ஒருநாளும் வராத அந்த மனுசன்.
எவனோ மாலுமியின் கிறுக்கலை வைத்துக்கொண்டு,
விளக்கெண்ணெய் தீர்வதற்குள்
இத்தனை அலை.
கரையைத் திருப்ப நேரமில்லை அவனுக்கு.

குவளைகளை எடுத்தேன்.
கடலில் நாலு தேநீர் வட்டம்.
ஜன்னல் வெயிலில் ஃபிளெக்ஸைத் தூக்கிப் பிடித்து
பின்பக்கம் காட்டினேன்.

எல்லாருக்கும் வலக்கை வந்தது.
குடிசைகள் வடக்கே போயின,
தோணியோடு, வலையோடு.
தெற்கே மணல்.

போலய்யா சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.
கோட்டாட்சியர் ஒருதரம் முன்னால் பார்த்தார்,
எழுந்து வந்து பின்னால் பார்த்தார்.
"இதெல்லாம் ஆதாரமில்ல. சுருட்டுங்க."

என் கை வலித்தது.
வெயிலில் அந்த மிருகம் மட்டும்
எப்படித் திருப்பினாலும் நடுவிலேயே கிடந்தது;
முகம்தான் இப்போது போலய்யா பக்கம்.

"அப்ப இது யாரு பாடு?" என்றார் கெஜபதி,
யாரிடம் என்றில்லாமல்.

"மீரே தீஸ்கோண்டி."

மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.