பத்தொன்பதாவது எழுத்து

கருமாத்தூரில் பஸ் ஏறினால்
காளவாசல் சிக்னல் வருவதற்குள்
அன்றைக்கு வேண்டிய இங்கிலீஷை
உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிடுவேன்.
சிட் டவுன். ஓபன் யுவர் புக். டோன்ட் புஷ்.
பக்கத்து சீட்டு அம்மா
நான் ஜெபம் பண்ணுவதாக நினைத்து
ஒருநாள் தள்ளி உட்கார்ந்தார்.

பெரியாரில் இறங்கி நடந்தால்
மகால் பக்கம் ஒரு சந்து.
கீழே எவர்சில்வரில் பேர் வெட்டும் கடை,
மேலே எங்கள் எல்.கே.ஜி.
அவர் மெஷின் ஓடும்போது மட்டும்
பிள்ளைகளுக்கு 'இஸட்' நன்றாக வரும்.

நான் தமிழ் மீடியம், பி.ஏ. வரலாறு,
சம்பளம் ஏழாயிரத்து ஐந்நூறு.
பிள்ளைகளுக்கு நாலு வயது.
அவர்களைவிட ஒரு பக்கம்
முன்னால் இருந்தால் போதும் எனக்கு.

வகுப்பில் தமிழ் பேசினால்
கழுத்தில் மாட்ட ஓர் அட்டை உண்டு,
சிவப்பு நாடா, நடுவில் அழும் முகம்.
பிரின்சிபால் வரைந்து
அவரே லேமினேட் செய்தது.

ஜூன் இரண்டாவது வாரம்
லோசனா என் துப்பட்டாவை இழுத்து
'பனி' என்றாள்.
'நோ தமிழ்' என்றேன்.
'பனி.'
ஃபேன் சுடுகாற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது,
ஜன்னலுக்கு வெளியே தார் இளகியது.
சார்ட்டில் பார்த்திருப்பாள் என்று தோன்றியது.
பத்தொன்பதாவது கட்டத்தில்
மூக்கில் காரட் செருகிய வெள்ளைப் பொம்மை.
தூக்கிக் காட்டி,
'எஸ் ஃபார் ஸ்னோ, சொல்லு, ஸ்னோ' என்றேன்.
என் சாமர்த்தியம் எனக்கே பிடித்திருந்தது.
அவள் பொம்மையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
அழ ஆரம்பித்தாள்.
விதிப்படி மாட்டிவிட்டேன்.
ஒரே பிள்ளைக்கு
அழும் முகம் இரண்டு.

தரை துடைக்க வந்த பாக்கியக்கா
வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.
'தண்ணி கேக்குது டீச்சர்.
அவுக வீட்ல சௌராஷ்ட்ரா பேசுறவுக.
தண்ணிக்கு அவுக பாஷையில அப்படித்தான்.'

அந்தப் பிள்ளை தமிழே பேசவில்லை.
தமிழை அவள் தெருவில் பொறுக்கினாள்,
இங்கிலீஷை நான் பஸ்ஸில் பொறுக்கியது மாதிரி.
ஒரு டம்ளர், இன்னொரு டம்ளர்,
குடித்து முடித்து விக்கினாள்.

அந்த அட்டை பீரோவுக்குப் பின்னால் விழுந்துவிட்டது.
விழுந்தது என்றுதான்
பிரின்சிபாலிடம் சொல்லியிருக்கிறேன்.

பாடத்திட்டப்படி எஸ் வந்து சேர்ந்தபோது
மாசி முடிந்து வெயில் திரும்பியிருந்தது.
'வொயிட்' என்றேன். சாக்பீஸ் என்றான் ரியாஸ்.
'கோல்டு' என்று
கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினேன்.
பின்வரிசை 'பேய்' என்று சிரித்தது.
'ஃபால்ஸ் ஃப்ரம் தி ஸ்கை' என்று
விரல்களை உதிர்த்தேன்.
பல்லி என்றது ஒரு குரல்.
கொடைக்கானலையே பார்த்ததில்லை நான்.
என்னிடமும் அந்த ஒரு படம்தான் இருந்தது.

வாசலைப் பார்த்தேன். யாருமில்லை.
குரலை இறக்கி, திருடியைப் போல,
'பனிடா, பனி' என்றேன்.

கடைசி பெஞ்சில் ஒரு சலசலப்பு.
லோசனா பையைத் தலைகீழாகக் கொட்டி
பாட்டிலைத் தேடி எடுத்து
மூடியைப் பல்லால் திருகி
வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்து
என் கையில் திணித்தாள்.
'ட்ரிங்க்' என்றாள்.

காளவாசல் வரைக்கும்
ஒருநாளும் நான் சொல்லிப் பார்க்காத சொல்.

குடித்தேன்.
வெதுவெதுவென்று,
பிளாஸ்டிக் வாசனையோடு.
கீழே மெஷின்
எந்தக் குடத்திலோ எவர் பேரையோ
வெட்டிக்கொண்டிருந்தது.
டைரியைத் திறந்து
'எஸ்' என்று எழுதி, பக்கத்தில்
'முடிந்தது' போடலாமா என்று பேனாவோடு நிற்கிறேன்,

ரியாஸ் கையைத் தூக்குகிறான்:
'மிஸ், எனக்கும் ஸ்னோ.'