மிச்ச அழுத்தம்

நவம்பர், இரண்டாம் வெள்ளி.
ஜெட்ஸ்கி இரண்டும் நீல உறைக்குள் போயாயிற்று.
குவைத்தில் குளிர் வந்தால்
கடலை விட்டுவிட்டு மணலுக்குப் போவார்கள்:
கூடாரம், ஜெனரேட்டர், ஆடு நாலு.
கைரான் கரையில் பூட்டிய வீடுகளுக்கு
வீட்டுக்கொரு காவல்காரன்.
இந்த வீட்டுக்கு நான்.

இன்று மிஷினைப் படுக்கப் போட வேண்டும்.
ஆறு மாதமாகப் படகின் அடிவயிற்றுச் சிப்பியை
கத்தியில்லாமல் சுரண்டிய தண்ணீர் இது.
ஒருதரம் செருப்பு வாரையும்
என் பெருவிரல் தோலையும் சேர்த்தே கழுவியது.
தழும்பு இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

கூட வந்த புத்தகத்தில் பதினோரு மொழி.
தமிழ் இல்லை. படம்தான் எனக்கு.
குழாயைக் கழற்று, அம்புக்குறி.
பெட்ரோலைத் தீர், அம்புக்குறி.
அடுத்த கட்டத்தில் ஆறு காம்போடு ஏதோ ஒன்று.
ஃபேன் றெக்கை என்று நினைத்தேன்.
பேம்பா எட்டிப் பார்த்து,
'பரஃப் பாய், பரஃப்' என்றான்.
அவன் மலையில்
குடத்துத் தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாகப் பெருத்து
குடத்தை உடைத்துக்கொண்டு வெளியே வருமாம்.
நான் பார்த்த ஐஸ்
தூத்துக்குடித் துறைமுகத்தில் அடிவாங்கி நொறுங்குவது.
எதையும் அது உடைத்து நான் பார்த்ததில்லை,

போன ஜனவரி வரை.
கார் கண்ணாடியில் சீனி தூவிய மாதிரி விடிந்த ஒரு நாள்
பம்பின் பித்தளைத் தலையில் மயிரிழை விரிசல்.
முப்பத்தெட்டு தினார். மூன்று தவணை.
என் சம்பளத்தில்.

அதனால் இந்த வருஷம் படத்தில் உள்ளபடி.
டாங்க் தீரும்வரை ஓடவிட்டேன்.
இருமியது, செருமியது,
இல்லாத பெட்ரோலைக் கொஞ்ச நேரம் நம்பிப் பார்த்து
நின்றது.
குழாயை மூடினேன்.
அப்போதுதான் பிரகாசி கூப்பிட்டாள்.

'அந்த மிஷின் எத்தனை கிலோ?'
'நாற்பது இருக்கும்.'
'லக்கேஜில் போடுவார்களா?'
'முப்பதுதான் விடுவார்கள்.'
'சக்கரத்தைக் கழற்றினால்?'
பைபாஸ் முக்கில் கடை பார்த்து வைத்திருக்கிறாள்.
வாட்டர் வாஷ். பைக் எண்பது, கார் முன்னூறு.
'இது என்னுடையது இல்லையே, பிள்ளை.'
'தெரியும். இதே மாதிரி என்ன விலை?'
சொன்னேன்.
அந்தப் பக்கம் யாரோ ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது.
பிறகு, 'தவணைக்குத் தருவார்களா?'

நின்ற மிஷினுக்குள்ளும் அழுத்தம் இருக்கும்.
விசையை ஒருமுறை அமுக்கி வெளியேற்றாமல்
எதையும் கழற்றாதே என்று
கைப் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பாகப் போட்டிருந்தது.
கக்கத்தில் துப்பாக்கிக் குழல்.
'பார்ப்போம்' என்று போனை வைக்கும்போது
விரல் அமுக்கிவிட்டது.
ஒரு மூச்சுத் தண்ணீர்தான்.
கோடை முழுக்கப் புழுதி குடித்த மதிலில்
முழ நீளத்துக்கு, நெட்டுக்குத்தாக,
பளிச்சென்று ஒரு கோடு.

மற்றதைச் செய்தேன்.
நாசில் ஐந்தையும் குப்பூஸ் வந்த கவரில் முடிந்தேன்.
ரோஸ் மருந்தைப் பம்பின் வாயில் ஊற்றிக்
கயிற்றை இழுத்தேன். மூன்றாம் இழுப்பில்
மறுபக்கம் ரோஸ்மில்க் மாதிரி கசிந்தது.
ப்ளக் துளையில் நாலு சொட்டு ஆயில்.
மாடிப்படிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

கோட்டை என்ன செய்ய.
மறைக்க வேண்டுமானால் மதில் முழுக்கக் கழுவ வேண்டும்.
கழுவ மிஷினை எழுப்ப வேண்டும்.
ஈரத்துணியால் தேய்த்தேன், அகலமானது.
'என்ன நம்பர் எழுதினாய்?' என்றான் பேம்பா.
அரபியிலும் ஒன்று இப்படித்தானாம்.
மார்ச்சில் முதலாளியும் கேட்பான்.

ராத்திரி காற்று திசை மாறியது.
எழுந்து போய் என் கம்பளியை மிஷினுக்குப் போர்த்திவிட்டு வந்தேன்.
பாசம் ஒன்றுமில்லை.
கம்பளி ஒன்றரை தினார், பம்ப் முப்பத்தெட்டு.
நான் நடுங்கினால்
யாரும் தவணை பிடிக்க மாட்டார்கள்.