அச்சிச்சாய்

படகுத்துறையில் கால் வைத்ததும்
அவள் சொன்ன முதல் சொல் அதுதான்.
பொகோட்டா ஓட்டல் அறையில் மூன்று வாரம்
வாயே திறக்காதவள்.
ஜூன் மாதம். கண் கூசும் வெயில்.
வடகடல் காற்று மட்டும் எந்த மாதத்துக்கும் அடங்காது.
அச்சிச்சாய், என்றாள்.
ஓட்வார் என்னைப் பார்த்தான்.
நான் அகராதியைப் பார்த்தேன்.

பதினான்கு மாதம் ஒலிநாடா கேட்டு
ஸ்பானிஷ் படித்தவள் நான்,
மீன் கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டே.
"ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?"
"இரண்டு பேருக்கு ஒரு மேஜை வேண்டும்."
எங்கள் தீவில் ரயில் கிடையாது.
மேஜை இருந்தது,
மூன்றாவது நாற்காலிக்கு அப்போதுதான் வண்ணம் காய்ந்திருந்தது.

லெய்திக்கு ஐந்து வயது நிறையவில்லை.
அவள் ஊரில் ஆறு மணிக்குச் சூரியன் விழுந்துவிடுமாம்,
வருடம் முழுக்க, கைதவறிய தட்டுபோல.
இங்கே நள்ளிரவிலும் அது ஜன்னலில் நின்றது.
உறங்க மறுத்தாள்.
ஓட்வார் தினமும் ஆறு மணிக்குக்
கருப்புக் குப்பைப் பைகளைக் கண்ணாடிமேல் ஒட்டினான்.
அவன் செய்த இரவில் அவள் தூங்கினாள்.

விழித்ததும் மறுபடி அதே சொல்.
குளித்து வெளியே வந்தால், அதே சொல்.
வாசலில் நின்று, கடலைப் பார்த்து.
எழுத்துக்கூட்டி எழுதிவைத்தேன்.
பெண்பெயர்போல இருந்தது.
அக்காவாக இருக்கலாம்.
பெற்றவளாக இருக்கலாம்.
முகம் தெரியாத ஒருத்திமேல்
எனக்குப் பொறாமை வந்தது, எதற்கு மறைக்க.
ஆனாலும் அவளை மடியில் இருத்தி
என் ஒலிநாடா ஸ்பானிஷில் வாக்குக் கொடுத்தேன்:
அச்சிச்சாய் வருவாள், கண்ணு.
நிச்சயம் வருவாள்.
குழந்தை என்னை வெகுநேரம் பார்த்தாள்.

விடுதிக்குக் கடிதம் போட்டேன்.
யார் இந்த அச்சிச்சாய்?
உயிரோடு இருக்கிறாளா?
முகவரி உண்டா?

ஐந்து வாரம் கழித்துப் பதில்.
தபால் நிலையத்திலேயே பிரித்தேன்.
"அது ஆள் இல்லை, அம்மா.
குளிருகிறது என்பதை
பாஸ்தோ மலைப்பக்கம் அப்படிச் சொல்வார்கள்.
கம்பளி ஏதாவது போட்டுவிடுங்கள்."

ஐந்து வாரம்.
அவள் குளிருகிறது என்றாள்,
நான் புகைப்பட ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினேன்.
குளிருகிறது என்றாள்,
நான் அழுதேன்.
அன்று ஓட்வாரின் ஸ்வெட்டரை மாட்டிவிட்டேன்,
கைகளை நான்கு மடிப்பு சுருட்டி.
சட்டைக்குள் தலையை இழுத்துக்கொண்டு
உள்ளிருந்தே சிரித்தாள்.

நான் வாக்குக் கொடுத்தவளும்
அக்டோபரில் வந்து சேர்ந்தாள்,
பிப்ரவரி கடந்தும் போகவில்லை.
நவம்பர் கடைசியில் சூரியன் மேலே வருவதை நிறுத்தியபோது
லெய்தி ஓட்வாரிடம் கேட்டாள்:
அவ்வளவு பெரிய பை உனக்கு எங்கே கிடைத்தது?

அந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்டாள்
என்று இப்போது நினைவில்லை.
பாதி எங்களுடையதாக இருந்திருக்கும்.
அடுத்த வருடம் முழுதும் எங்களுடையது,
தீவின் இழுவையோடு, கிடங்கின் கெட்ட வார்த்தைகளோடு.
எட்டு வயதில் "தண்ணீர்" என்று ஸ்பானிஷில் கேட்டேன்.
யாரோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டதுபோலத்
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அவளுக்காகப் படித்த மொழி
வீட்டில் என் ஒருத்தியிடம் தங்கிவிட்டது.
பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பேன்:
ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?

போன பிப்ரவரி. பதினேழு வயது அவளுக்கு.
கணக்குப் புத்தகம், ஈரத் தலை, சூடான காக்காவ்.
கைநிறைய விறகோடு கதவை முதுகால் தள்ளி
உள்ளே வந்தேன்.
என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது:
அச்சிச்சாய்.

என்னம்மா அது, என்றாள்.
என்ன பாஷை?

உன்னுடையது, என்றேன்.
ஒரு பை, ஒரு ஜோடிச் செருப்பு,
பிறகு இது. அவ்வளவுதான் நீ கொண்டுவந்தது.
செருப்பு அந்த வருடமே சிறிதாகிவிட்டது.

ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
நடுவில் நாக்கு இடறியது, வெளியூர்க்காரிபோல.
இன்னொரு முறை.
விறகை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை.
மூன்றாம் முறை சொல்லிக்கொண்டே
எழுந்துபோய்
கதவைச் சாத்தினாள்.