கட்டைவிரல் மேடு

காட்பாடி. கத்திரி வெயில் தொடங்கி நாலாம் நாள்.
இரவு ஒன்றரை.
காற்று அசையக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டேன்.
திட்டிக்கொண்டே பாயைச் சுருட்டி
மாடிக்குப் போய்விட்டாள் என் தங்கை.

கூடத்தின் அந்தக் கோடியில் உன் ஆடி,
வெள்ளி பூசாத வெறும் கண்ணாடி.
எட்டடி தள்ளி
ஊசித்துளை வெளிச்சம், பாதி சவர பிளேடு,
நான்.

பேரணாம்பட்டிலிருந்து
இட்லிப் பாத்திரத்துக்குள் துண்டில் சுற்றி
மடியில் வைத்தே கொண்டுவந்தாய், ஷஹீதா.
பதினொரு மாதம் தேய்த்தேன் என்றாய்.
ஆறு அங்குலம் என்றாய்.
அப்புறம் ஒன்றும் பேசாமல் முறுக்கு தின்றாய்.

மயிரிழை நகர்த்துகிறேன் பிளேடை.
நிழல் அதோடு சேர்ந்து வந்தால் குவியத்துக்கு உள்ளே,
எதிர்ப்பக்கமிருந்து வந்தால் வெளியே.
இன்னும் கொஞ்சம்.
இதோ,
கண்ணாடி முழுக்க ஓர் உளுந்து வடை.
சிரிக்காதே, வடைதான் வேண்டும்,
ஓட்டையோடு.

ஜோலார்பேட்டைப் பக்கம் சரக்கு வண்டி போகிறது.
வடை நடுங்குகிறது.
ஐம்பத்தெட்டுப் பெட்டி. காத்திருக்கிறோம்.

அடங்கியதும் பார்க்கிறேன்:
ஓரத்தில் நகக்கண் அகலம்
ஒளி வழிகிறது.
விளிம்பு கவிழ்ந்திருக்கிறது.

'வெயிலா இருக்குமோ' என்றாய்.
இந்த ஊரில் எதற்கும் வெயிலைச் சொல்லலாம்;
மலைப்பாறையும் பாலாற்று மணலும்
பகலை வாங்கி வைத்து
ராத்திரியெல்லாம் திருப்பித் தருகின்றன.
ஆனால் வெயில் என்றால் நெளியும்.
இது நெளியவில்லை.
ஆடியைக் கால்வட்டம் திருப்பி வைத்தேன்.
அங்கேயும் அதே.

நம்பாமல் நின்றாய்.
கட்டைவிரலை வை, நடுவில், ஒரு நிமிடம்,
இப்போது எடு, வந்து பார்.
பார்த்தாய்.
தட்டைக் கண்ணாடியில் ஒரு குன்று,
ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல்.
'எவ்வளவு உயரம்?'
தலைமயிரை ஆயிரமாய்ப் பிளந்தால்
அதில் ஒன்றோ இரண்டோ.
உன் சூடு வடிந்து
அது கரைந்து போகும்வரை
கண்ணை எடுக்கவில்லை நீ.
விளிம்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஓரத்தில் கறுப்பு நாடா ஒட்டிவிடலாம் என்றேன்.
ஐந்தே முக்கால் மிஞ்சும்.
சனியின் வளையத்துக்கு அது தாராளம்.

'ஆறுன்னு இஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே.'

குடியாத்தம் முதல் பேருந்து நாலு ஐம்பதுக்கு.
அதுவரை பிளேடை நீ நகர்த்தினாய்.
நான் பெட்டிகளை எண்ணினேன்.