மூன்றாம் கேள்வி

"நேரே பார்த்துப் பேசினாலும்
கேட்காத மாதிரி இருப்பாரா?"
ஒருபோதும் இல்லை. சிலவேளை. அடிக்கடி.
டொக்டர் றிஸ்னா பேனையோடு காத்திருந்தா.
யன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரி மதிலோரம்
ஒரு மான் சொப்பிங் பையை
மூக்கால் கிளறிக்கொண்டு நின்றது.
அதன் முதுகுப் புள்ளிகளில்
இருபத்தேழாவதில் இருந்தேன்.

"அம்மா, மகனைப் பற்றித்தான் கேட்கிறேன்."

யதுர்ஷன் கட்டிலுக்குக் கீழே
சில்லின் சுரையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
ஒன்பது வயது. இந்தத் தவணை தொலைத்தது
நாலு தண்ணீர்ப் போத்தல், ஒற்றைச் சப்பாத்து.
ஒற்றைச் சப்பாத்தை எப்படித் தொலைக்கலாம் என்று
ரீச்சர் கேட்டா.
எப்படியென்று எனக்குத் தெரியும்.

கிண்ணியா பஸ்ஸில் நான் விட்ட குடைகளால்
ஒரு கடையே போடலாம்.
பால் தீய்ந்த மணம் வந்த பிறகுதான்
அடுப்பென்று ஒன்று வீட்டில் இருக்கும்.
"கெட்டிக்காரி, ஆனால்" என்று
பதினொரு வருச ரிப்போட்டிலும் எழுதினார்கள்.
அந்த ஆனாலைத்தான்
கலியாணமாகியும் கச்சேரிக்குப் போயும்
சுமந்து திரிந்தேன்.

டச்சுக்குடாவில் கரைவலை இழுக்கையில்
இவன் நாலு மணித்தியாலம் அசையாமல் இருந்தவன்,
மிதவைகளை எண்ணியபடி.
அதையும் சொன்னேன்.
கவனம் இல்லாமல் இல்லை, டொக்டர்.
கூப்பிட்டால் வராது.

தலையாட்டிவிட்டு இன்னொரு படிவம் எடுத்தா:
"இது உங்களுக்கு. விருப்பமெண்டால்."

உப்புவெளிச் சந்தியில் பையைத் திறந்தால்
படிவம் இல்லை.
"மான் நிண்ட யன்னலில வச்சிட்டு வந்தனீங்கள்"
என்றான் யதுர்ஷன்,
கையில் ஒரு சுரையை உருட்டிக்கொண்டு.

ஓட்டோவைத் திருப்பச் சொன்னேன்.
ஒருத்தரும் என்னை ஏசவில்லை.
நான்கூட.